சொட்டாம்பட்டிக்கு நீலப் பம்பு வந்த கதை

சொட்டாம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். எப்போதோ ஒரு பஸ் கண்டக்டர், "வழியில நிக்காதீங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் பஸ் வரும் சாலையோரம் நிற்பதில்லை, வரிசையாக உட்கார்ந்துதான் இருப்பார்கள். புதருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் டிரைவர் கண்ணில் படாமல் பஸ் போய்விடும். அதற்கும் அவர்கள் டிரைவரைத்தான் குறை சொல்வார்களே தவிர, கண்டக்டரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் அது.

அந்த ஊரில் வேடியப்பன் என்று ஒருவன் இருந்தான். தக்காளியும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கிறவன். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பல் மட்டும் பழுப்பு. அவனுக்கு மட்டும் என்றில்லை, ஊருக்கே பழுப்பு. வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்தில் இருக்கும், நடுவில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி கோடு ஓடும். எல்லோர் வாயிலும் அப்படியே இருந்ததால் பல்லின் நிறமே அதுதான் என்று ஊர் நினைத்திருந்தது. வெளியூர் ஆள் யாராவது வெள்ளைப் பல்லோடு சிரித்துவிட்டால், "ஐயோ பாவம், சத்துக் குறைச்சல்" என்று அவனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்து அனுப்புவார்கள்.

வேடியப்பன் மட்டும் வெளியூர் போய் வருகிறவன், அதனால் உலகம் தெரிந்தவன். தக்காளிக் கூடையோடு பக்கத்து ஊரான ஊத்துப்பள்ளத்துக்குப் போய், அங்கே பஸ் நிறுத்தத்து டீக்கடையில் டீ குடிப்பான். டீக்கடைக்காரர் ரங்கப்பனுக்குத் தவமணி என்று ஒரு மகள். அவள் பல் வெள்ளையாக இருந்தும் அவனுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. தன் பல்லை அவள் பார்த்துவிடக் கூடாது என்று அவன் கடையில் வாயைத் திறப்பதே இல்லை. எதைக் கேட்டாலும் தலையை மெல்ல ஆட்டுவான். இவ்வளவு கம்மியாகப் பேசுகிறவன் நிறைய யோசிக்கிறவனாகத்தான் இருக்க வேண்டும் என்று தவமணி முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று.

வேடியப்பனின் அம்மா மாதம்மாளும், ஊர்த் தலைவரான அவன் சித்தப்பா தீர்த்தகிரியும் வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போனார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டீ நன்றாயிருக்கிறதென்று தீர்த்தகிரி வாய்விட்டுச் சிரித்தார். ரங்கப்பன் அந்தப் பல்லைப் பார்த்தார்.

ரங்கப்பன் விவரமானவர் என்று பெயரெடுத்தவர். கடைக்கு வரும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வடை மடிக்கக் கொடுப்பார்.

"பையன் மேல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றார் அவர். "குத்தமெல்லாம் உங்க ஊர்த் தண்ணி மேலதான். பல்லு போகுது, வயசானா முட்டி வளைஞ்சுடுது. எம் பொண்ணை அங்க அனுப்பிட்டு நான் எப்படித் தூங்கறது? இங்க பாருங்க, எங்க பம்பு. டெஸ்ட் பண்ணி, நல்ல தண்ணின்னு நீலம் அடிச்சுட்டுப் போயிருக்காங்க. உங்க ஊர்ல என்னைக்கு நீலப் பம்பு நிக்குதோ, அன்னைக்கு வாங்க, தாம்பூலம் மாத்திக்கலாம். ஆவணி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல வேற இடம் பார்த்துடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

கடை வாசலில் நீல வண்ணம் பூசிய அடிபம்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

அன்றைக்கு வேடியப்பன் களி உருண்டையைத் தொடவில்லை. தவமணி இல்லாவிட்டால் தனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாளே டவுனுக்குப் போய், தண்ணீர் பரிசோதிக்கும் அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தான்.

அதிகாரியின் பெயர் சகாயமேரி. பொறுமைசாலி. சொட்டாம்பட்டிக்கு வருவதற்கு முன்பு ரொம்பப் பொறுமைசாலி. ஊர் நடுவிலிருந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்து, சின்னக் குப்பியில் ஊற்றி, ஏதோ மருந்தை இரண்டு சொட்டு விட்டு, மாறிய நிறத்தைத் தன்னிடமிருந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருக்கு" என்றார்.

"அது பார்க்க எந்த நிறத்துல இருக்குங்க?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"நிறம் கிடையாது."

"வாசனை?"

"அதுவும் கிடையாது. ருசியும் தெரியாது. அதனாலதான் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியல."

தீர்த்தகிரி கூடியிருந்த ஊரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நிறம் கிடையாதாம், வாசனை கிடையாதாம், ருசி கிடையாதாம். அப்ப அது தண்ணிதான? நம்ம தண்ணியில தண்ணி அதிகமா இருக்குன்னு சொல்றாங்க."

"எனக்கும் ரொம்ப நாளா அந்தச் சந்தேகம் உண்டு" என்றான் இருசப்பன். ஒரு காலத்தில் லாரியில் கிளீனராக இருந்தவன் அவன். லாரி போய்விட்டது, ஸ்பேனர் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது. "எங்க வீட்டு ரசத்துலயும் அதே கோளாறுதான்."

சகாயமேரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஃபுளோரைடு என்பது பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது. துளியளவு இருந்தால் பல்லுக்கு நல்லது, அது போதாத சில நாடுகளில் குடிநீரில் அவர்களே அளந்து கலக்கிறார்கள். அளவு மீறினால் பல் கறுக்கும், நாள்பட்டால் எலும்பு வளையும். இந்த ஊரில் அளவு மீறித்தான் இருக்கிறது.

"வெளிநாட்டுல விலை கொடுத்து வாங்கிக் கலக்கறாங்களாம்" என்றாள் மாதம்மாள், பக்கத்திலிருந்தவளிடம். "நமக்குச் சும்மாவே கலந்து வருது. அதைப் போய் எடுக்கணும்கறாங்க."

சகாயமேரி பம்புக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. இந்தப் பம்புல இனிமே குடிக்காதீங்க. குளிக்கலாம், துணி துவைக்கலாம். கொதிக்க வச்சாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் ஆகும். குடிக்கறதுக்கு ஊத்துப்பள்ளத்துலருந்து கொண்டு வாங்க, ஏரிக்கரை வழியாப் போனா பக்கம்தான்."

அவர் ஜீப் கிளம்பியதும் ஊர் கூடியது.

"பம்புல குடிக்காதீங்கன்னு சொன்னாங்க" என்று ஆரம்பித்தார் தீர்த்தகிரி. "நியாயமான பேச்சு. யாரெல்லாம் பம்புல வாயை வச்சுக் குடிக்கறீங்க?"

எல்லோரும் இருசப்பனைப் பார்த்தார்கள். அவன்தான் தாகம் எடுத்தால் பம்பின் மூக்கில் வாயை வைத்துக் குடிக்கிறவன்.

"உன்னாலதாண்டா ஊருக்கே இந்தக் கெட்ட பேரு" என்றார் தீர்த்தகிரி. இருசப்பன் தலை குனிந்தான். அன்றிலிருந்து அவன் சொம்பில் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் எப்போதும் போலக் குடத்தில் பிடித்துப் போய் வீட்டில் வைத்துக் குடித்தார்கள். பம்பில் யாரும் குடிக்கவில்லை.

வேடியப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "இதுனால ஃபுளோரைடு குறையுமா சித்தப்பா? குறைஞ்சாத்தானே நீலம் அடிப்பாங்க?"

தீர்த்தகிரி கண்ணை மூடி யோசித்தார். "கொதிக்க வச்சா என்ன ஆகும்னு சொன்னாங்க?"

"கூடும்னு சொன்னாங்க."

"சூடாக்கினா கூடும்னா, குளிர வச்சா?"

இப்படி ஒரு மூளை நமக்குத் தலைவராக வாய்த்ததே என்று ஊரே நெகிழ்ந்துபோயிற்று. வேடியப்பன் மொபெட்டில் டவுனுக்குப் பறந்தான். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளம் ஒன்றை வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அது அவன் முதுகில் சொட்டிக்கொண்டே வந்தது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது பாளம் ஒரு செங்கல் அளவுக்கு இளைத்திருந்தது. அதை டிரம்மில் போட்டு, ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். தண்ணீரில் மீன் வாசனை வந்தது.

"வாசனை வருது பார்த்தியா" என்றார் தீர்த்தகிரி திருப்தியோடு. "ஃபுளோரைடுக்கு வாசனை கிடையாதுன்னு அந்தம்மாவே சொன்னாங்க. அப்ப இதுல ஃபுளோரைடு இல்லை."

தினம் ஒரு பாளம் வந்தது. ஊர் முழுக்கச் சளி பிடித்தது. தும்மிக்கொண்டே பரிசோதனைக்கு அழைத்தார்கள். சகாயமேரி வந்து குப்பியில் பார்த்துவிட்டு, ஃபுளோரைடு அப்படியே இருக்கிறது என்றார். ஐஸ் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊத்துப்பள்ளத்திலிருந்து ஏன் தண்ணீர் எடுத்து வரவில்லை என்று அவர் கேட்டார்.

"நம்ம ஊர்ல தண்ணி இல்லைன்னாத்தானுங்க அடுத்த ஊருக்குப் போகணும்" என்றாள் மாதம்மாள். "இங்கதான் வருதே."

சரி, வேறு வழி சொல்கிறேன் என்றார் சகாயமேரி. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் மேலே தெளியும், அடியில் கசடு படியும். "மேல இருக்கறதைப் பதமா எடுத்துக் குடிங்க. கெட்டது எல்லாம் அடியில இருக்கற கசடுல போயிடும். அந்தக் கசடைக் கண்ட இடத்துல கொட்டாதீங்க. குழந்தைங்க கை படாத மாதிரி, நல்ல ஆழமான இடமாப் பார்த்துக் கொட்டிடுங்க."

இந்த முறை ஊர் மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டது. வீட்டுக்கு ஒரு வாளி வைத்து, கலக்கி, தெளியவைத்து, மேலே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். கசடை எங்கே கொட்டுவது என்பதில்தான் பேச்சு வந்தது.

"பாழுங்கிணத்துல கொட்டலாம்" என்றான் வேடியப்பன்.

"பசங்க அதுலதான் இறங்கிக் கோலி ஆடறாங்க."

"ஏரியில?"

"ஏரியில முட்டிக்கால் தண்ணிகூட இல்லை. இதையா ஆழம்கறே?"

இருசப்பன் எழுந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. "இந்த ஊர்லயே ஆழமான இடம் எதுன்னு நான் சொல்றேன். நம்ம பம்புக் குழாய். முந்நூறு அடி. எந்தக் குழந்தைக்கு அவ்வளவு நீளமாக் கை இருக்குது?"

இருசப்பன் பம்பின் மண்டையைக் கழற்றினான். வீடு வீடாகக் கசடைக் கொண்டுவந்து குழாயில் ஊற்றினார்கள். "எங்கிருந்து வந்ததோ அங்கயே போய்ச் சேரட்டும்" என்று மாதம்மாள் ஒரு சூடம் கொளுத்தினாள். பிறகு பம்பை மாட்டி, அடுத்த வேளைக்குத் தண்ணீர் அடித்தார்கள். நாள் தவறாமல் இது நடந்தது. பத்துப் பதினைந்து நாளில் பம்பிலிருந்து மோர் மாதிரி தண்ணீர் வர ஆரம்பித்தது.

"பல்லு வெளுக்கறதுக்கு முன்னாடி தண்ணி வெளுத்துடுச்சு" என்று இருசப்பன் பெருமைப்பட்டான். படிகாரம் ஏறி ஊரே உதட்டைக் குவித்துக்கொண்டு அலைந்தது.

சகாயமேரி வந்தார். மோர் நிறத் தண்ணீரைப் பார்த்தார். கசடு போகும் வழியைக் காட்டச் சொன்னார். இருசப்பன் மண்டையைக் கழற்றிக் காட்டினான். அவர் பக்கத்திலிருந்த துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. மாதம்மாள் அன்போடு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"இனிமே நீங்க எதையும் கலக்க வேண்டாம், எதையும் கொட்ட வேண்டாம்" என்றார் கடைசியில். "உங்களுக்கு ஊத்துப்பள்ளம் நீலப் பம்பை விட்டா வேற கதி இல்லை. அதைத்தான் நம்பணும்."

அவர் போன பிறகு வேடியப்பன் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஆடி முடியப் போகிறது. தவமணியைப் பார்க்க டவுனிலிருந்து ஒரு மாப்பிள்ளை வரப்போவதாக அன்று காலைதான் காதில் விழுந்திருந்தது. செல்போன் கடை வைத்திருப்பவனாம். பல் வெள்ளையாம். அதற்கு முந்தைய நாள்தான் தவமணி தக்காளி எடை போடும் சாக்கில், "எங்கப்பா சொன்னது என்னாச்சு?" என்று கேட்டிருந்தாள். இவன் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருந்தான். அதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபோது யோசனையும் வந்தது. அவன் எழுந்து ஓடிப்போய்ச் சித்தப்பாவை உலுக்கினான்.

"சித்தப்பா, மாமா என்ன சொன்னாரு? நம்ம ஊர்ல என்னைக்கு நீலப் பம்பு நிக்குதோ அன்னைக்குப் பொண்ணுன்னாரு. இன்ஜினியர் அம்மா என்ன சொன்னாங்க? ஊத்துப்பள்ளம் நீலப் பம்பை விட்டா வேற கதி இல்லைன்னாங்க. ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயம்தானே? நாமதான் காது கொடுத்துக் கேக்கல."

தீர்த்தகிரி அவனை உற்றுப் பார்த்தார். கல்யாண ஆசை ஒரு மனிதனை எவ்வளவு புத்திசாலி ஆக்கிவிடுகிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஊர் கூடியது. பம்பைக் கொண்டுவருவது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாதம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அது திருட்டாயிடாதா?"

"எடுத்துக்கிட்டு சும்மா வந்தா திருட்டு" என்றார் தீர்த்தகிரி. "நம்ம பம்பை அங்க வச்சுட்டு, அவங்க பம்பை நாம எடுத்துக்கிட்டா அது மாத்திக்கறது. தாம்பூலம் மாத்திக்கறதுக்கு முன்னாடி பம்பு மாத்திக்கறோம். சம்பந்தி ஆகப்போறவங்க, இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அப்படியானால் வெறுங்கையோடு போகக் கூடாது, முறையாகப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. சிவப்புப் பம்பின் மண்டையைக் கழற்றி, கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பக்கத்தில் வாழைப்பழத் தட்டு, தேங்காய்த் தட்டு. தீர்த்தகிரி புது வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ஏரிக்கரையில் எதிரே வந்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். "பம்புக்கு" என்றான் இருசப்பன்.

ரங்கப்பன் அன்று டீத்தூள் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி பழனியம்மாளும் தவமணியும் இருந்தார்கள்.

"என்னுங்க இது, மாலையும் கழுத்துமா?" என்றாள் பழனியம்மாள், வண்டியிலிருந்த பம்பைப் பார்த்து.

"அண்ணன் நீலப் பம்பு கேட்டிருந்தாரு" என்றார் தீர்த்தகிரி. "அதான் மாத்திக்கலாம்னு வந்தோம்."

வீட்டுக்காரர் நீலப் பம்பு என்று அன்றைக்குப் பேசியது பழனியம்மாளுக்கும் நினைவில் இருந்தது. ஆண்கள் பேசி வைத்த விஷயம், நமக்கெதற்கு என்று அவள் பழத்தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு எல்லோருக்கும் டீ போட்டாள்.

இரண்டும் ஒரே மாதிரிப் பம்பு. மண்டையை மாற்றி மாட்டுவது இருசப்பனுக்குப் பெரிய வேலையாக இல்லை. வெயிலில் தாகம் எடுத்தது. கழற்றுவதற்கு முன்னால் ஆளுக்கு நான்கு சொம்பு அடித்துக் குடித்தார்கள்.

"நீலப் பம்புத் தண்ணிக்கு ருசியே தனி" என்றார் தீர்த்தகிரி.

நீலப் பம்பு வண்டியில் ஏறியபோது வேடியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னை மறந்து, வாய் முழுக்கத் திறந்து தவமணியைப் பார்த்துச் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

தவமணி பார்த்துவிட்டாள்.

"இதுக்குத்தான் இத்தனை நாளா வாயைத் திறக்கலையா?"

அவன் தலையை ஆட்டினான்.

"நான் என்னமோ நீ பெரிய யோசனைக்காரன்னுல்ல நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அது கோபச் சிரிப்பு இல்லை. வீடு போய்ச் சேரும் வரை வேடியப்பனின் கால் தரையில் படவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தான் என்பதும் ஒரு காரணம்.

சாயங்கால பஸ்ஸில் ரங்கப்பன் வந்து இறங்கினார். கடை வாசலில் சிவப்புப் பம்பு நின்றது. கழுத்தில் மாலை இருந்தது. அவர் கையிலிருந்த டீத்தூள் பை நழுவியது.

"யாரு இதைச் செஞ்சது?"

"சொட்டாம்பட்டிக்காரங்க வந்தாங்க. நீங்க கேட்டீங்கன்னு மாத்திக்கிட்டுப் போனாங்க" என்றாள் பழனியம்மாள். "பழமெல்லாம் நல்ல பழம்."

ரங்கப்பன் அன்று அந்தப் பம்பில் கை வைக்கவில்லை. டீயும் போடவில்லை. மறுநாள் விடிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வேகவேகமாக நடந்தார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்ததும் வேடியப்பன் அம்மாவின் பின்னால் போய் நின்றான். மாதம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். தீர்த்தகிரி புது வேட்டியை மறுபடி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஊர் நடுவில் நீலப் பம்பு நின்றுகொண்டிருந்தது. ரங்கப்பன் அதைச் சுற்றி வந்தார். ஒருமுறை லாரி இடித்து ஏற்பட்ட பள்ளத்தைத் தடவிப் பார்த்தார், அது அவருடைய பம்புதான். சொம்பு கேட்டார். அடித்துக் குடித்தார். திட்டு எங்கிருந்து ஆரம்பிக்கும் என்று ஊர் காத்திருந்தது.

"இப்ப உங்க ஊர்ல நீலப் பம்பு நிக்குது" என்றார் ரங்கப்பன்.

"ஆமாங்க மாமா" என்றான் வேடியப்பன்.

"எங்க ஊர்ல சிவப்புப் பம்பு நிக்குது."

"ஆமாங்க மாமா."

ரங்கப்பன் சொம்பைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "சிவப்புப் பம்பு இருக்கற ஊர்ல வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? பல்லு போயிடும், முட்டி வளைஞ்சுடும். சீக்கிரமா ஒரு நாளைப் பாருங்க. அந்தப் பொண்ணாவது நல்ல தண்ணி குடிச்சுப் பொழைக்கட்டும்."

ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. செல்போன் கடைக்காரனும் வந்திருந்தான். அவன் பல்லைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மாதம்மாள் அவன் இலையில் இரண்டு முட்டை கூடுதலாக வைத்தாள். ரங்கப்பன் தினமும் காலையில் நடந்து வந்து, மகளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று, நீலப் பம்பில் இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் போனார்.

புரட்டாசியில் சகாயமேரி வந்தார். ஊத்துப்பள்ளத்துச் சிவப்புப் பம்பைச் சோதித்தார், தண்ணீர் நன்றாக இருந்தது. சொட்டாம்பட்டி நீலப் பம்பைச் சோதித்தார், தண்ணீர் மோசமாக இருந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்திருக்கலாம். அதற்கு நீலமும் இதற்குச் சிவப்பும் அடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சொட்டாம்பட்டி திகைத்து நின்றது. கொண்டுவந்த நீலப் பம்பு சிவப்பாகிவிட்டது. விட்டுவிட்டு வந்த சிவப்புப் பம்பு நீலமாகிவிட்டது.

"ஊர் மாறிப் போனதும் அது திருந்திடுச்சு" என்றார் தீர்த்தகிரி. "திருந்தி வந்தா ஏத்துக்கறதுதான் மரியாதை."

அதற்குள் ரங்கப்பனிடமிருந்து ஆள் வந்தது. மறுபடி நீலப் பம்பு நிற்கிற வரைக்கும் தவமணியை அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தார். வேடியப்பன் வண்டியைக் கட்டினான். சிவப்புப் பம்புக்குப் பக்கத்தில் தவமணி உட்கார்ந்து போனாள். மாற்றி மாட்டியதும் நீலப் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்தாள்.

கார்த்திகையில் சகாயமேரி வந்தார். தையில் வந்தார். ஒவ்வொரு முறையும் வண்ணம் மாறியது, வண்டி கிளம்பியது. ரங்கப்பனின் காலை நடையும் நிறத்தைப் பார்த்து நின்று நின்று நடந்தது. தவமணிக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை, அம்மாவைப் பார்க்க ஒரு வழியாயிற்று. போகும்போதெல்லாம் இரண்டு பெரிய டிரம் கொண்டுபோய், பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் அங்கேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவாள். அது தீர்ந்தால் ஏரிக்கரை வழியாகக் குடத்தோடு நடப்பாள். "வெளியூர்ப் பொண்ணு, விவரம் பத்தலை" என்று சொட்டாம்பட்டிப் பெண்கள் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். "பம்பையே ஏத்திக்கிட்டு வர்றோம், இவ தண்ணியைத் தூக்கிக்கிட்டு வர்றா."

மாசியில் தவமணி முழுகாமல் இருந்தாள். மசக்கை வேறு. அந்தச் சமயம் பார்த்துச் சகாயமேரி மறுபடி வந்து சிவப்பு அடித்துவிட்டுப் போனார். ஏரிக்கரைப் பாதை முழுக்கக் கல்லும் குழியும். இந்த நிலைமையில் அவளை வண்டியில் குலுக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே வேடியப்பனுக்குப் பகீரென்றது. ஊர்க் கூட்டத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"சித்தப்பா, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. டவுன்ல நீலப் பெயிண்ட் கிடைக்குது. ஒரு டப்பா வாங்கிட்டு வந்து, இந்தப் பம்புக்கு நாமளே அடிச்சுட்டா என்ன?"

மாதம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தீர்த்தகிரி வெகு நேரம் அவனையே பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான்.

"ஏண்டா வேடியப்பா, பெயிண்ட் இருக்கறது மேல. தண்ணி இருக்கறது முந்நூறு அடி கீழ. மேல நீலம் அடிச்சா கீழ இருக்கற தண்ணி எப்படிடா நல்லாயிடும்? வெளியூர்க்காரன் கேட்டா நம்மள முட்டாளுங்கன்னு சொல்லமாட்டான்?"

வேடியப்பன் வெட்கப்பட்டு உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு முன்னால் எவ்வளவு புத்தியாக இருந்த பையன் என்று ஊர் முணுமுணுத்தது.

வண்டியில் இரண்டு கட்டு வைக்கோல் கூடுதலாகப் பரப்பினார்கள். தவமணி ஏறி உட்கார்ந்தாள். இருசப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பம்புப் பக்கம் நடந்தான்.